பதில்: எக்ஸ்ப்ளோரர் 1 மாடலில் டேப் ரெக்கார்டரை எங்கே வைப்பது?

வணக்கம். மகளின் பள்ளிக் கண்காட்சி மாடலுக்காக எந்தப் படத்தைப் பார்த்தாலும் டேப் ரெக்கார்டர் தென்படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தென்படாது, ஏனென்றால் அதில் அது இல்லவே இல்லை. 1958 ஜனவரி 31 அன்று ஏவப்பட்ட அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1, அளந்ததை அப்போதைக்கப்போதே ரேடியோவில் சொல்லிவிடும். கீழே கேட்க நிலையம் இல்லாத இடத்தில் சொன்னதெல்லாம் காற்றோடு போச்சு.

ரெக்கார்டர் இருந்தது மார்ச் 26 அன்று போன எக்ஸ்ப்ளோரர் 3-இல். (இடையில் எக்ஸ்ப்ளோரர் 2 சுற்றுப்பாதைக்கே போய்ச் சேரவில்லை.) அயோவா பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் வான் ஆலனின் மாணவர் ஜார்ஜ் லட்விக் செய்த கையடக்கமான கருவி அது. விநாடிக்கு ஒரு தடவை நாடா இம்மி நகரும்; நகரும்போதே ஒரு சுருள்வில்லையும் முறுக்கிக்கொள்ளும். தரையிலிருந்து கட்டளை போனதும் வில் விடுபட்டு, ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பதிவைச் சில விநாடிகளில் கொட்டிவிடும். பழைய சாவி பொம்மை மாதிரிதான்!

அந்த நாடாவில்தான் வேடிக்கை. உயரம் கூடக் கூட, கதிர்வீச்சை எண்ணும் கெய்கர் கருவியின் எண்ணிக்கை ஏறி, சட்டென்று பூஜ்யமானது. கருவி பழுதாகவில்லை, கதிர்வீச்சு அளவுக்கு மீறியதால் அதற்கு எண்ண முடியவில்லை. பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையங்களான வான் ஆலன் பட்டைகள் பிடிபட்டது இப்படித்தான்.

அதனால் மாடலின் பெயர்ப்பலகையை 3 என்று மாற்றிவிட்டு, உள்ளே ரெக்கார்டரை வையுங்கள். பக்கத்தில் அந்த எண்ணிக்கை ஏறிப் பூஜ்யமானதைக் காட்டும் வரைபடத்தையும் ஒட்டச் சொல்லுங்கள்.