ஓடிய தூரமா, நின்ற காலமா? கனரகப் பயண பைக் பற்றிய வாசகர் கேள்விகள்

பழைய கனரகப் பயண பைக்குகளைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, 1978ஆம் ஆண்டின் ஹோண்டா கோல்ட் விங் ஜிஎல்1000 ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. மொத்தமே 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது; கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாகக் கொட்டகையில் உறையிட்டு நிறுத்தி வைத்திருந்தார்களாம். இவ்வளவு குறைவாக ஓடிய வண்டி கிடைப்பது அரிது என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் விற்பவர் எதைச் சிறப்பு என்று சொல்கிறாரோ, அதைத்தான் நீங்கள் வண்டியின் முதல் குறையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 38,000 கிலோமீட்டர் என்பது அந்த என்ஜினுக்கு ஒரு பொருட்டே அல்ல. முறையாகப் பராமரிக்கப்பட்டால் அதைப் போலப் பல மடங்கு தூரம் ஓடக்கூடிய என்ஜின் அது. பன்னிரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்றதுதான் அதற்கு நேர்ந்த கேடு. இரும்பும் அலுமினியமும் பொறுத்துக்கொள்ளும். ரப்பரும் பெட்ரோலும் பிரேக் ஆயிலும் பொறுத்துக்கொள்ளமாட்டா.

முதலில் டைமிங் பெல்ட்டைச் சொல்கிறேன், ஏனெனில் இதில் தவறினால் என்ஜினே போய்விடும். ஜிஎல்1000 என்பது 999 சிசி கொள்ளளவுள்ள, நான்கு சிலிண்டர்கள் இருபுறமும் படுத்த நிலையில் அமைந்த என்ஜின். வால்வுகளைத் திறந்து மூடும் அதன் கேம் ஷாஃப்டுகளைச் சுழற்றுபவை பல் வெட்டிய இரண்டு ரப்பர் பெல்ட்டுகள். அவற்றில் ஒன்று அறுந்தாலோ பல் நழுவினாலோ வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பல ஆண்டுகள் ஒரே வளைவில் நின்ற ரப்பர் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதை நம்பக்கூடாது. ஆகவே, ‘ஒருமுறை ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன்’ என்று விற்பவர் ஆர்வமாக முன்வந்தாலும் அன்புடன் மறுத்துவிடுங்கள். பெல்ட்டுகளை மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட்டர் பொத்தானில் விரல் படவேண்டும். அதற்கும் முன்பு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிதளவு என்ஜின் ஆயிலை விட்டு ஒரு நாள் ஊறவைத்து, பிறகு என்ஜினைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது பெட்ரோல் டேங்க். வழக்கமான இடத்தில் நீங்கள் காண்பது டேங்க் போன்ற ஒரு மூடிதான்; உண்மையான டேங்க் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. எடையைக் கீழே இறக்குவதற்காகச் செய்யப்பட்ட அருமையான ஏற்பாடு அது. ஆனால் துரு பிடித்தால் கழற்றி எடுப்பது பெரிய வேலை. மூடியைத் திறந்து விளக்கடித்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். கெட்டுப்போன பெட்ரோலுக்கு வார்னிஷ் போன்றதொரு புளித்த வாடை உண்டு. அந்த வாடை வந்தால் நான்கு கார்புரேட்டர்களையும் முழுமையாகப் பிரித்து, அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் சிறு ரப்பர் வளையங்கள் வரை புதிதாக மாற்றி, பிறகு நான்கும் ஒத்திசைந்து இழுக்கும்படி சரிசெய்ய வேண்டியிருக்கும். பொறுமையில்லாத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் இந்த வண்டியில் என்ஜினின் பின்புறத்தில் இருக்கிறது. அது எரிந்துபோயிருந்தால் என்ஜினையே சட்டத்திலிருந்து இறக்கித்தான் மாற்ற வேண்டும். இந்த ஒரு பழுது வண்டியின் மதிப்பையே மாற்றிவிடும் என்பதால், ஓடும் நிலைக்கு வந்ததும் பேட்டரி முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து பார்ப்பது கட்டாயம். என்ஜின் நின்றிருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், வேகமெடுத்து ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் உடனே ஸ்டேட்டரைக் குற்றம் சொல்லவேண்டாம். அதிலிருந்து வரும் மூன்று மஞ்சள் கம்பிகள் சேரும் பிளக் கருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கருகியிருந்தால், பிளக்கை வெட்டி நீக்கிவிட்டுக் கம்பிகளை நேரடியாக ஈயப்பற்று வைத்து இணைப்பதே நிலையான தீர்வு.

டயரில் எவ்வளவு பள்ளம் மீதமிருக்கிறது என்பதைவிட அதன் பக்கச்சுவரில் உள்ள எண்ணைப் படியுங்கள். நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது 2000க்கு முன்பு செய்யப்பட்ட டயர், அதில் ஒரு தெருவைக்கூடக் கடக்காதீர்கள். பெல்ட்டுகள், டயர்கள், பிரேக் குழாய்கள், கூலண்ட் குழாய்கள், கார்புரேட்டர் வேலை, பேட்டரி ஆகிய அனைத்தின் செலவையும் கூட்டி, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். என்னைக் கேட்டால், இதே ஆண்டின் வண்டி ஒன்று 1,20,000 கிலோமீட்டர் ஓடி, சென்ற வாரம் வரை ஓட்டப்பட்டு, செய்த வேலைகளுக்கான ரசீதுகளோடு வந்தால் அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். பெரிய பயண பைக் ஓட்டவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஓடும்போது பயமில்லை, நிறுத்தும்போதும் திருப்பும்போதும்தான் அச்சமாக இருக்கிறது. ஒரு பெண்ணால் இந்த எடையைச் சமாளிக்க முடியுமா? கீழே விழுந்தால் தூக்க முடியுமா?

பதில்: முடியும், அம்மா. இந்த எடையைத் தோள் வலிமையால் சமாளிப்பவர் யாருமில்லை. ஆணாக இருந்தாலும் அப்படித்தான். ஜிஎல்1000 பெட்ரோலோடு 300 கிலோவை நெருங்கும். பின்னாளில் வந்த ஆறு சிலிண்டர் ஜிஎல்1500 பெட்ரோல் இல்லாமலே 350 கிலோவைத் தாண்டும். நிமிர்ந்து நிற்கும்வரை இந்த எடை உங்கள் தொடைக்குக் கனமே தெரியாது, ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டாலோ எவராலும் பிடித்து நிறுத்த முடியாது. எனவே பயிற்சி முழுவதும் அந்த அளவைத் தாண்டவிடாமல் இருப்பதைப் பற்றியதே.

மெதுவாகத் திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது. ஹேண்டில்பார் திரும்பியிருக்கையில் முன் பிரேக்கை அழுத்துவதுதான் நின்ற இடத்தில் வண்டி விழுவதற்கு மிகப் பெரிய காரணம். ஹாஃப் கிளட்சில் என்ஜின் இழுவையை நிலையாக வைத்துக்கொண்டு, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் இலேசாகக் கட்டுப்படுத்துங்கள். இழுவையும் தடையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கையில் வண்டி நிமிர்ந்தே நிற்கும். கண் சக்கரத்துக்கு முன்னே உள்ள தரையைப் பார்க்காமல், போய்ச்சேர வேண்டிய இடத்தைப் பார்க்கட்டும். கழுத்தை முழுவதும் திருப்புங்கள். யாருமற்ற பரந்த திடலில் நாளுக்கு அரைமணி நேரம் வீதம் சில வாரங்கள் இதைச் செய்தால் உங்கள் அச்சத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஓட்டும் திறமையில் சேர்ந்ததே. முன்சக்கரம் சரிவை நோக்கியிருக்கும்படி நிறுத்திவிட்டால் இந்த வண்டியைப் பின்னால் தள்ளி எடுக்க இருவர் வேண்டும். இருக்கையின் பஞ்சைக் குறைத்து உயரத்தைத் தாழ்த்திக்கொள்ளலாம்; அடி தடித்த காலணியும் உதவும்.

வண்டி சாயத் தொடங்கி அளவைக் கடந்துவிட்டால் பிடித்துக்கொண்டு போராடாதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். முழங்காலையும் முதுகையும்விட ஒரு கிராஷ் கார்டு மலிவானது. தூக்குவதற்கும் ஒரு முறை உண்டு. சாவியை அணைத்து, பெட்ரோல் கசிகிறதா என்று பார்த்து, முடிந்தால் கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்துவிடுங்கள். இதை மறந்து தூக்கி, மறுபக்கம் விழவிட்டவர்கள் பலர். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் விளிம்பில் இடுப்பைப் பதித்து உட்கார்ந்து, ஒரு கையால் கீழே இருக்கும் ஹேண்டில்பார் பிடியையும் மறு கையால் சட்டத்தில் உறுதியான ஒரு பகுதியையும் பற்றி, முதுகை நேராக வைத்துக்கொண்டு, கால்களால் தரையை உதைத்துச் சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடங்கள். நான் இதை முதன்முதலில் செய்தபோது, கையை நம்பிய மூன்று முயற்சிகளும் வீணாகி, காலை நம்பிய நான்காவது முயற்சியில் வண்டி எழுந்தது.

கேள்வி: வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும்போது, மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் கீழே கையைச் சற்றுத் தளர்த்தினால் ஹேண்டில்பார் இடமும் வலமுமாக ஆடுகிறது. ஆபத்தா?

பதில்: முன்புறம் காற்றைத் தடுக்கும் பெரிய கவசமான ஃபேரிங்கும் பின்புறம் பெட்டிகளும் உள்ள கனமான பைக்குகளில் இது பலரும் சொல்லும் குறை. இரு கைகளும் பிடியில் இருக்கும்வரை பெரும்பாலும் அடங்கிவிடும் என்றாலும், ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது என்பதன் அறிகுறி அது. டயர்களின் காற்றழுத்தத்தையும் முன் டயர் ஒழுங்கற்றுத் தேய்ந்திருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். அடுத்து, கோன்செட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஸ்டீயரிங் பேரிங்கை இறுக்கிப் பாருங்கள். உருண்டைக் குண்டுகள் உள்ள பேரிங்குக்குப் பதிலாகக் கூம்பு உருளை பேரிங்கைப் பொருத்தியதும் ஆட்டம் நின்றதாகப் பல உரிமையாளர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். இவற்றால் அடங்கும் ஆட்டம் ஒரு வகை. அதிக வேகத்தில் வண்டியின் உடல் முழுவதும் நெளிவது வேறு. அப்படி நேர்ந்தால் பின்பெட்டியின் எடையை இறக்கிவிட்டு, சஸ்பென்ஷனையும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் பேரிங்கையும் சோதிக்கும்வரை வேகம் எடுக்காதீர்கள்.

கேள்வி: பிரேக் ஆயில் குறைந்திருந்தது, கைவசம் இருந்ததை ஊற்றிவிட்டேன். தவறா?

பதில்: மூடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் அடிப்படையிலானவை. டாட் 5 சிலிக்கோன். இவ்விரண்டையும் கலக்கக்கூடாது. பழைய ஹார்லி டேவிட்சன் பைக்குகள் பலவற்றில் டாட் 5 இருந்ததால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. கலந்துவிட்டிருந்தால் ஓட்டாமல் முழுவதையும் வெளியேற்றிச் சுத்தம் செய்யுங்கள். டாட் 4 ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது, ஆகவே ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கேள்வி: இவ்வகைப் பயண பைக்குகளுக்குத் தொடக்கம் எது? ஜப்பானா, அமெரிக்காவா, ஜெர்மனியா?

பதில்: மூன்று நாடுகளும் மூன்று உறுப்புகளைக் கொடுத்தன என்பது என் கருத்து. ஹார்லியின் எலக்ட்ரா கிளைடு 1965இல் மின் ஸ்டார்ட்டரோடு வந்தது; வௌவால் சிறகு என்று அழைக்கப்படும் அதன் புகழ்பெற்ற ஃபேரிங் 1969இல் சேர்ந்தது. 1974இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் ஹோண்டா காட்டிய ஜிஎல்1000, நீரால் குளிரூட்டப்படும் என்ஜினையும் சங்கிலியற்ற ஷாஃப்ட் இயக்கத்தையும் ஒன்றுசேர்த்தது. ஆனால் காற்றைத் தடுக்கும் ஃபேரிங் இல்லாமல்தான் வந்தது. அந்தக் குறையை 1976இல் பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ் தொழிற்சாலையிலேயே பொருத்திய முழு ஃபேரிங்கால் நீக்கிக் காட்டியது. ஹோண்டாவின் இன்டர்ஸ்டேட் 1980இல் ஃபேரிங்கும் பெட்டிகளுமாக வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டே பின்னோக்கி நகரும் வசதி, 1988ஆம் ஆண்டின் ஜிஎல்1500இல் கிடைத்தது.

கேள்வி: மனைவியும் நானும் நீண்ட பயணம் புறப்பட இருக்கிறோம். சுமையை எப்படி ஏற்றுவது?

பதில்: வண்டியின் கையேட்டில் உள்ள அதிகபட்சச் சுமையைப் படியுங்கள். இரு பெரியவர்கள் ஏறியதுமே அதன் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பதைக் கண்டு பலர் திகைக்கிறார்கள். கனமான பொருள்கள் பக்கப் பெட்டிகளின் அடியில், இருபுறமும் சமமாக இருக்கட்டும். மேல்பெட்டி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் அதில் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தின் பிடியைக் குறைக்கும். மழைச்சட்டை, போர்வை போன்றவற்றுக்கே அந்த இடம். உங்கள் மனைவி ஏறுவதற்கும் இறங்குவதற்கும் முன்பு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் இரு கால்களையும் ஊன்றி முன் பிரேக்கைப் பிடித்த பிறகே அவர் அசைய வேண்டும். ஒரு நாளில் எவ்வளவு தூரம் போவது என்பதையும் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் களைப்பை வைத்தே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஆண்டில் நான்கு மாதங்கள் வண்டியை எடுக்க முடிவதில்லை. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதும்தானே?

பதில்: போதாது, கேடும்கூட. ஐந்து நிமிடத்தில் என்ஜின் ஆயில் முழுச் சூட்டை அடைவதில்லை. எரிதலில் உண்டாகும் நீராவி உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு கலந்துவிடும், சைலன்சரும் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஸ்டார்ட்டர் எடுத்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிச் சேர்வதுமில்லை. வெளியே எடுத்து அரைமணி நேரமாவது நன்றாகச் சூடேறும்படி ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள், இல்லையேல் தொடவே வேண்டாம். நிறுத்துவதற்கு முன்பே ஆயிலை மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தைக் கலந்து டேங்கை நிரப்பி, அது கார்புரேட்டர் வரை சேரும்படி சிறிது தூரம் ஓட்டி, பிறகு கார்புரேட்டர் கிண்ணங்களை மட்டும் வடித்துவிடுங்கள். பேட்டரியை, தானாக நின்று இயங்கும் சிறு சார்ஜரில் இணைத்து வையுங்கள். நிறுத்திய தேதியை ஒரு சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டிவையுங்கள். நான்கு மாதம் என்று நினைத்து நிறுத்திய வண்டிகள்தாம் முதல் கடிதத்தில் உள்ளது போலப் பன்னிரண்டு ஆண்டுகள் கொட்டகையில் நின்றுவிடுகின்றன.