மருந்து கலந்தும் நோய் நிற்காதது ஏன்?
வாசகர் கேள்வி – மருத்துவர், பொறியாளர் குழுவின் பதில்

கேள்வி: எங்கள் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் தவறாமல் பிளீச்சிங் பவுடர் கலக்கிறோம். ஆனாலும் இரண்டு தெருக்களில் மட்டும் வயிற்றுப்போக்கு அடங்கவில்லை. அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். 'இரண்டு தெருக்களில் மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. கோளாறு தொட்டியில் என்றால் எல்லாத் தெருக்களிலும் நோய் வந்திருக்கும்.

மருந்து கலந்து அரை மணி நேரம் ஆன பிறகு தொட்டி நீரில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். கடைக்கோடிக் குழாயில் அது 0.2-க்குக் கீழே போகக் கூடாது. டிபிடி மாத்திரையை மாதிரி நீரில் போட்டால் குளோரினுக்கு ஏற்ப இளஞ்சிவப்பு நிறம் வரும். சோதனைப் பெட்டியில் உள்ள நிற அட்டையோடு அதை ஒப்பிட்டால் அளவு தெரியும். தொட்டியில் 0.5 இருந்து, அந்தத் தெருக் குழாயில் நிறமே வரவில்லையா? வழியில் சாக்கடை நீர் கலக்கிறது என்று சந்தேகப்படுங்கள். விட்டுவிட்டுத் தண்ணீர் திறக்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும். தண்ணீரை நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும். அப்போது வெடிப்பைச் சுற்றி நிற்கும் கழிவுநீர் உள்ளே உறிஞ்சப்படும். மறுமுறை திறக்கும்போது முதலில் வருவது அந்த நீர்தான். ஆகவே திறந்தவுடன் வரும் நீரிலும் ஒரு மாதிரி எடுங்கள். சாக்கடையை ஒட்டியோ குறுக்காகவோ போகும் வீட்டு இணைப்புகளை முதலில் தோண்டிப் பாருங்கள்.

தொட்டியிலேயே குளோரின் இல்லை என்றால் பவுடரைப் பாருங்கள். புதிதாக இருக்கும்போது அதில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். ஈரமும் வெயிலும் பட்டால், மூட்டையைத் திறந்தே வைத்தால், வீரியம் இறங்கிக்கொண்டே போகும். 10,000 லிட்டர் நீரில், லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் கலக்க 20 கிராம் குளோரின் தேவை. நல்ல பவுடரில் அது 60 கிராம். வீரியம் 20 சதவீதமாக இறங்கியிருந்தால் 100 கிராம். பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் குழைத்து, நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். கலங்கல் நீரில் குளோரின் அழுக்கோடு சேர்ந்தே செலவாகிவிடும், கிருமிக்கு மிஞ்சாது. தொட்டியின் அடிச்சேற்றைக் கழுவாமல் மருந்தைக் கூட்டுவதும் அப்படித்தான்.

இதற்கிடையே நோயாளிகளின் வயது, தெரு, எந்தக் குழாய்த் தண்ணீர், நோய் தொடங்கிய நாள் ஆகியவற்றை எழுதி, வரைபடத்தில் புள்ளி வையுங்கள். 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா இறப்புகள் ஒரு தெருக் குழாயைச் சுற்றியே குவிந்திருப்பதை மருத்துவர் ஜான் ஸ்னோ இப்படித்தான் காட்டினார். அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. காலராக் கிருமியைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்துகொள்ளாத காலம் அது! பழுது சரியாகும் வரை அந்த இரண்டு தெருக்காரர்களும் நீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

கேள்வி: ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுத்தும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. அப்புறம் எதற்கு அது?

பதில்: வயிற்றுப்போக்கை நிறுத்துவது அதன் வேலையே இல்லை. வெளியேறும் நீரையும் உப்பையும் ஈடுகட்டி உயிரைக் காக்கிறது. சர்க்கரை குடலுக்குள் போகும்போது உப்பையும் கூடவே இழுத்துச் செல்கிறது. உப்பின் பின்னால் நீர் போகிறது. 1971-இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொண்டு ஏராளமான உயிர்களைக் காத்தார்.

ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். 'கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும்' என்று ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிகுந்து ஆபத்தாகும். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை கூடினால் போக்கும் கூடும். 24 மணி நேரம் கடந்த கரைசலைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும், 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி; அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தவே கூடாது. மருத்துவரிடம் துத்தநாக மாத்திரையும் கேளுங்கள்: 6 மாதம் தாண்டிய குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், போக்கு நின்றாலும் 10 முதல் 14 நாள் வரை.

கண் உள்வாங்கினால், துவண்டு கிடந்தால், குடிக்க முடியாமல் போனால், மலத்தில் ரத்தம் தெரிந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனை.

கேள்வி: டெங்குவுக்கு வாரந்தோறும் புகை அடித்தால் போதாதா?

பதில்: போதாது. அந்த நேரத்தில் பறக்கும் கொசு மட்டுமே சாகும். வீட்டுக்குள் துணிமறைவில் ஒதுங்கும் ஏடிஸ் (டெங்குவைப் பரப்பும் கொசு) பெரும்பாலும் தப்பிவிடும். நீரில் இருக்கும் புழு சாகாது. வாரம் ஒருமுறை பாத்திரங்களைக் கவிழ்த்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் பயனில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நீர் பட்டதும் பொரியும்.

கேள்வி: எங்கள் பகுதியில் 90 சதவீதக் குழந்தைகள் தட்டம்மை ஊசி போட்டாயிற்று. மீதிப் பேரை ஏன் இப்படித் துரத்துகிறார்கள்?

பதில்: தட்டம்மையின் வேகம் அப்படி. எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றவைப்பார். 9 மாதத்தில் போடும் முதல் ஊசி ஏறக்குறைய 85 சதவீதக் குழந்தைகளுக்கே பலிக்கும். ஆயிரம் குழந்தைகளில் 900 பேருக்கு அந்த ஒரு ஊசி மட்டும் போட்டிருந்தால், பாதுகாப்புப் பெற்றவர்கள் 765 பேர். மீதி 235 பேர் தீக்குச்சி போலக் காத்திருக்கிறார்கள். இரண்டு தவணையும் 95 சதவீதத்தை எட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

சராசரியை நம்பவும் வேண்டாம். விடுபட்டவர்கள் சிதறி இருப்பதில்லை; புதிதாகக் குடியேறியவர்கள், வேலைக்காக இடம் மாறுகிறவர்கள் என்று ஒரே இடத்தில் சேர்ந்திருப்பார்கள். பகுதி முழுவதும் 90 என்றாலும் அந்த ஒரு வரிசையில் 40 இருக்கலாம். நோய் அங்கேதான் புகும். பெயர்ப்பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்து, எண்ணிக்கை குறைந்த தெருவுக்கு மாலையிலோ விடுமுறை நாளிலோ, பெற்றோர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள்.