எடை 86-லேயே நிற்கிறது… ஸ்லீவ் ஆபரேஷன் பலனிழந்துவிட்டதா?

கேள்வி: வயது 36, உயரம் 158 செ.மீ. ஏழு மாதங்களுக்கு முன் 112 கிலோ இருந்தபோது, எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துக் குழாய்போல் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 86 கிலோ வரை மளமளவென்று இறங்கிய எடை, ஐந்து வாரமாக அங்கேயே நிற்கிறது. காலையில் இரண்டு இட்லி, சாம்பார். மதியம் அரைக் கிண்ணம் ரசம் சாதம், கொஞ்சம் தயிர். மாலையில் காபியும் ஒரு கை மிக்சரும். இரவு ஒரு தோசை. இவ்வளவுதான் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி. தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். வயிறு மறுபடி விரிந்துவிட்டதா? ஐந்து நாள் வெறும் கஞ்சி, ஜூஸ் என்று இருந்தால் வயிறு சுருங்கிவிடும் என்கிறார் தோழி. செய்யலாமா?

பதில்: உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் அளவுகோல் பி.எம்.ஐ. உங்கள் உயரத்துக்கு பி.எம்.ஐ. 25 என்பது சுமார் 62 கிலோ; அதற்கு மேல் உள்ளதையே கூடுதல் எடையாகக் கணக்கிடுகிறோம். ஆக, கூடுதலாக இருந்தது 50 கிலோ. அதில் பாதிக்கு மேல் ஏழே மாதத்தில் போயிருக்கிறது. இதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. 112 கிலோ உடம்பைச் சுமந்து நடக்கச் செலவான கலோரி, 86 கிலோவுக்குத் தேவைப்படாது. உடம்பும் செலவைக் குறைத்துக்கொள்ளும். வரவும் செலவும் சமமாகும் இடத்தில் எடை நின்றுவிடுகிறது. ஆறாவது மாதத்தை ஒட்டி இப்படி நிற்பது சகஜம்.

வயிறு விரிந்ததா என்பதை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். ரசம் சாதத்தை வைத்துப் பார்க்காதீர்கள். வேகவைத்த முட்டையையோ குழம்பில்லாத கோழித் துண்டுகளையோ தண்ணீர் குடிக்காமல் மென்று சாப்பிடுங்கள். கொஞ்சத்திலேயே நிறைந்துவிட்டால் வயிறு தன் வேலையைச் செய்கிறது.

சிக்கல் உங்கள் தட்டில் இருக்கிறது. ஸ்லீவ் வயிறு கெட்டியான உணவைத்தான் பிடித்து நிறுத்தும். குழைந்த ரசம் சாதம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், ஒரு மணி நேரத்தில் பசிக்கும். மிக்சரும் அப்படித்தான். வாயிலேயே கூழாகி, காபியோடு சேர்ந்து ஓடிவிடும். ஒரு கைப்பிடி 30 கிராம் என்றால் 150 கலோரி, காபியில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை 40 கலோரி. எடையை நிறுத்தி வைக்க இந்த 190 போதும்.

அதைவிடப் பெரிய ஓட்டை புரதம். இட்லி ஒன்றில் 2 கிராம், தோசையில் 3 கிராம். நீங்கள் எழுதியதையெல்லாம் கூட்டினாலும் 25 கிராம் தேறினால் அதிகம். உங்களுக்கு நாளுக்குக் குறைந்தது 60, முடிந்தால் 80 கிராம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும், உடம்பின் செலவு இன்னும் சுருங்கும். முடி கொத்தாக உதிர்ந்தால் புரதக் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காலையில் ஒரு முழு முட்டை, ஒரு வெள்ளைக்கரு, ஒரு இட்லி (புரதம் 12 கிராம்). மதியம் வெந்த மீன் அல்லது கோழி 75 கிராமும் பருப்புக் கீரைக் கூட்டும் (20-க்கு மேல்). மாலையில் மிக்சருக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டல் (8). இரவு 75 கிராம் பனீர் (13). தயிரும் பாலும் சேர்ந்தால் 60-ஐத் தொட்டுவிடலாம். எட்டாத நாளில் சர்க்கரை சேர்க்காத வே புரதப் பவுடர் (பாலிலிருந்து எடுப்பது) ஒரு ஸ்கூப். தட்டில் புரதம் முதலில், காய் அடுத்து, சோறு இடமிருந்தால். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் தண்ணீர் வேண்டாம். மற்ற நேரத்தில் சிறுகச் சிறுக ஒன்றரை, இரண்டு லிட்டர்.

தோழி சொன்ன ஐந்து நாள் வைத்தியத்தை விட்டுவிடுங்கள். கஞ்சியால் வயிறு சுருங்காது. இறங்கும் இரண்டு கிலோ நீர்தான், சோறு தொட்டதும் திரும்பிவிடும்.

நடை மட்டும் போதாது. வாரத்தில் மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள்: கைப்பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது 10 முறை. இப்படி மூன்று சுற்று.

வாரம் ஒருநாள் மட்டும், காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பளவையும் குறியுங்கள். மாதவிலக்கை ஒட்டி ஒன்றிரண்டு கிலோ நீர் ஏறும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எடை நின்றும் இடுப்பு குறைந்தால் கொழுப்பு கரைகிறது என்று அர்த்தம்.

தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுகிறீர்களா? சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து சரியாக உறிஞ்சப்படாது. டி.எஸ்.ஹெச். (தைராய்டு அளவு), ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), வைட்டமின் பி12, வைட்டமின் டி நான்கையும் ரத்தப் பரிசோதனையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் கர்ப்பப் பரிசோதனையும் அவசியம். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆபரேஷனுக்குப் பிறகு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வது வழக்கம்.

அடிக்கடி வாந்தி, விழுங்கும்போது வலி, கறுப்பு மலம், கால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது ஆகியவற்றில் எது இருந்தாலும் எடையை மறந்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.