மஸ்டாங்கா, கமாரோவா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங், 1967ஆம் ஆண்டு செவர்லே கமாரோ இரண்டும் விலைக்கு வந்துள்ளன. முதலாவதில் 289, இரண்டாவதில் 327 கன அங்குல வி8 எஞ்சின்; இரண்டுமே ஆட்டோமேட்டிக். வார இறுதியில் ஓட்டவும், சில்லறை வேலைகளை நானே பார்த்துக்கொள்ளவும் எது ஏற்றது?

பதில்: காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டரில் இரட்டைத் துளை வகையைப் பொருத்திய 289 எஞ்சினுக்கு 200 குதிரைத்திறன் என்றும், அதே வகை கார்புரேட்டர் கொண்ட 327 எஞ்சினுக்கு 210 என்றும் நிறுவனங்கள் குறித்திருந்தன. எஞ்சினை மட்டும் தனியே சோதனை மேடையில் ஓட்டி எடுத்த அளவுகள் இவை என்பதால் சக்கரத்துக்கு வருவது குறைவே. தாழ்ந்த வேகத்தில் கமாரோவின் இழுவிசை கூடுதல்தான்; ஆனால் அந்த 327 எஞ்சினோடு வந்த பவர்கிளைடு கியர்பெட்டியில் இரண்டே கியர்கள், மஸ்டாங்கின் ஆட்டோமேட்டிக்கில் மூன்று. ஆகவே எஞ்சினில் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதியைக் கியர்பெட்டி விழுங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, 1967 கமாரோவின் பின்பக்கம் ஒற்றைத் தகட்டு லீஃப் ஸ்பிரிங். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் சக்கரங்கள் துள்ளும்.

பராமரிப்பில் எனக்குப் பிடித்த வேறுபாடு டிஸ்ட்ரிபியூட்டரில், அதாவது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பகுதியில், இருக்கிறது. மஸ்டாங்கில் அது எஞ்சினின் முன்புறம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தாலும், அதனுள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டைச் சரிசெய்ய மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை நுழைத்து 0.017 அங்குல இடைவெளி வைக்க வேண்டும். கமாரோவில் அது எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரை ஒட்டி ஒளிந்திருக்கிறது. ஆனால் மூடியிலேயே மேலே தள்ளித் திறக்கும் சிறு ஜன்னல் உண்டு. எஞ்சின் ஓடும்போதே அதன் வழியே ஆலன் சாவியைவிட்டுத் திருகி, பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டும் மீட்டரில் 30 பாகை வந்ததும் நிறுத்திவிடலாம். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் பழுதுபார்ப்பவரின் முதுகுவலியை அறிந்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பிரேக்கில் நிலைமை வேறு. 1966 மஸ்டாங்கில் பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை என்பதால், ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். 1967 வண்டிகளில் இரட்டை அறை வந்துவிட்டது. மஸ்டாங்கை வாங்கினால் இதை மாற்றிய பிறகே சாலையில் இறக்குங்கள். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும் என்பதால், எதை வாங்கினாலும் அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

உதிரிபாகம் இரண்டுக்கும் தாராளமாகக் கிடைக்கும். பணத்தைத் தின்பது துருதான். மஸ்டாங்கில் முன்கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்றுத் துளைகளில் ஒரு குவளை நீரை ஊற்றிவிட்டு, உள்ளே இருக்கைக்கு முன்னாலுள்ள கம்பளத்தின் அடியில் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் அந்தத் துளைகளுக்கு அடியிலுள்ள உட்பெட்டி அரித்துப் போயிருக்கிறது. அதைச் சரிசெய்ய வெல்டிங்கை வெட்டிப் பிரிக்க வேண்டியிருக்கும். கமாரோவில் பின்கண்ணாடியின் கீழ்மூலைகளையும் டிக்கியின் தரையையும் தட்டிப் பாருங்கள். இரண்டு கார்களும் துருவின்றி இருந்தால், நீங்களே வேலை பார்ப்பவர் என்பதால், நான் கமாரோவையே சொல்வேன். அது அரித்துப் போய், மஸ்டாங்கின் கம்பளம் காய்ந்திருந்தால் தயங்காமல் மஸ்டாங்கை எடுங்கள்.