விளையாட்டு வானொலியில் சூசின் வால்ட்மனை ஏன் முன்னோடி என்கிறார்கள்?

1987 ஜூலை 1, பிற்பகல் 3 மணி. 24 மணி நேரமும் விளையாட்டையே பேசும் முதல் வானொலியான டபிள்யூ.எஃப்.ஏ.என். நியூயார்க்கில் தொடங்கியபோது முதலில் ஒலித்தது அவர் குரல்தான். அதற்குமுன் அவர் இசை நாடக நடிகை.

ஆனால் உண்மையான சாதனை ஸ்டூடியோவுக்கு வெளியே நடந்தது. பேச்சு நிகழ்ச்சிக்குத் தீனி வீரர்களின் குரல்பதிவு. ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறைக்குள் போனால்தான் அது கிடைக்கும். அங்கே பெண் என்பதற்காக விரட்டப்பட்டால் வேலையே இல்லை. 1987இல் டொரண்டோ பேஸ்பால் அணி வீரர் ஒருவர் அவரைப் பார்த்துக் கத்த, அதே அணியின் ஜெஸ்ஸி பார்ஃபீல்ட் தன்னிடம் கேள்வி கேட்கும்படி அழைத்து நிலைமையைக் காப்பாற்றினார். கொலை மிரட்டல்களும் வந்தன. அவர் விலகவில்லை. நியூயார்க்கின் பேஸ்பால் அணியான யாங்கீஸைத் தினமும் பின்தொடர்ந்து, வேறெவருக்கும் கிடைக்காத நம்பிக்கையைச் சம்பாதித்தார்.

அதன் பலன் 1999இல் தெரிந்தது. 1985இல் பருவம் தொடங்கி 16 ஆட்டங்களிலேயே யாங்கீஸ் பயிற்சியாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட, அந்த அணியின் புகழ்பெற்ற முன்னாள் வீரர் யோகி பெரா, 14 ஆண்டுகள் யாங்கீஸ் மைதானப் பக்கமே வரவில்லை. அணி உரிமையாளர் ஸ்டைன்பிரென்னரை பெராவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வைத்ததில் வால்ட்மனுக்குப் பெரும் பங்கு உண்டு. என் கணிப்பில் அவருடைய ஆகச்சிறந்த வேலை இதுவே.

2005இல் ஜான் ஸ்டெர்லிங்குடன் யாங்கீஸ் வானொலி வர்ணனையில் சேர்ந்தார். பந்துக்குப் பந்து நடப்பதை ஸ்டெர்லிங் சொன்னார். ஏன் அப்படி நடந்தது என்பதைப் பந்துகளுக்கிடையே உள்ள சில நொடிகளில் விளக்குவது வால்ட்மன் பொறுப்பு. வட அமெரிக்காவின் உயர்மட்டப் போட்டித் தொடரான மேஜர் லீக் பேஸ்பாலில் இதை முழுநேரமாகச் செய்த முதல் பெண் அவர்.