கோழிகளுக்கு 3-வது வாரம். கொட்டகையில் டிரிங்கரை (தண்ணீர் குடிக்கும் பாத்திரம்) சுற்றித் தரையில் பரப்பிய உமி கட்டிதட்டுகிறது, மரத்தூளுக்கு மாறலாமா?

மாற வேண்டாம், உமியே போதும். எதைக் கொட்டினாலும் அதே இடம் திரும்ப நனையும். டிரிங்கரைச் சுற்றி மட்டும் கட்டுகிறது என்கிறீர்களே, தண்ணீர் சிந்துவதுதான் காரணமாக இருக்கும். பெல் டிரிங்கராக (மணி வடிவில் தொங்குவது) இருந்தால், அதன் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு வரும்படி தூக்கிக் கட்டுங்கள். கோழி வளர வளர ஏற்றிக்கொண்டே போகணும்.

ஒரு கை உமியை இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். லேசாக ஒட்டி உதிர்ந்தால் சரி. கட்டிகளை அள்ளி வெளியே போட்டு, காய்ந்த உமி பரப்பி, தினமும் கிளறுங்கள். கிளறும்போது காற்று வர, கொட்டகையின் பக்கப் படுதாவைத் திறந்து வையுங்கள், அம்மோனியா நெடி கண்ணைக் கெடுத்துவிடும்.

எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் இது உமி விஷயமே இல்லை, ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.