வானத்திலிருந்து விழுந்த நாயும் பூனையும்

கேள்வி: சார், ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்றால் கொட்டோ கொட்டென்று மழை கொட்டுவது, அது தெரியும். அந்தக் காலத்தில் நாயும் பூனையும் கூரைமேல் படுத்திருக்குமாம், மழையில் வழுக்கிக் கீழே விழுமாம். வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா?

பதில்: சுத்த கப்சா. 1999-இல் ‘1500-களில் வாழ்க்கை’ பற்றி ஒரு மின்னஞ்சல் உலகத்தைச் சுற்றியது. அதே சரக்குதான் இன்னும் ஓடுகிறது. கூரை வீட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இங்கிலாந்தில் வைக்கோலையும் நாணலையும் நெருக்கமாக அடுக்கி, நல்ல சரிவாக, ஏறக்குறைய 50 டிகிரியில் வேய்வார்கள். எலி உள்ளே புகும், குருவி கூடு கட்டும். நாய் எப்படி ஏறும்? பூனைதான் ஆகட்டும், மழைக்கு ஒதுங்க இடம் தேடுமா, நனைவதற்கென்று கூரை உச்சிக்குப் போகுமா?

கேள்வி: லண்டன் தெருக்களில் மழை வெள்ளத்தில் செத்த நாய், பூனை மிதந்ததுதான் காரணம் என்கிறார் எங்கள் பேராசிரியர்.

பதில்: அவர் சொல்லும் காட்சி உண்மை. ஜோனதன் ஸ்விஃப்ட் 1710-இல் எழுதிய மழைக் கவிதையில் கசாப்புக் கடைக் கழிவு, சாணம், குடல், நாறிய மீன், மூழ்கிச் செத்த நாய்க்குட்டிகள், செத்த பூனைகள் எல்லாம் வெள்ளத்தோடு புரண்டு வரும். ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது. 1651-இலேயே வேல்ஸ் கவிஞர் ஹென்றி வான், மழையாகப் பொழியும் நாய் பூனைகளிடமிருந்து தங்கள் சரக்கைக் காக்க ஒரு கூரை கிடைக்காதா என்று ஏங்கும் நடைவியாபாரிகளைப் பாடிவிட்டார். கவனியுங்கள், இவர் பாட்டில் அவை கூரையின் மேல் வந்து விழுகின்றன, கூரையிலிருந்து இல்லை! 1653-இல் அச்சான ரிச்சர்ட் புரோமின் நாடகத்தில் நாயும், மரநாய் மாதிரியான போல்கேட்டும் கொட்டுகின்றன. அதே ஸ்விஃப்ட் 1738-இல், மேட்டுக்குடியினரின் புளித்துப்போன பேச்சைக் கிண்டல் செய்து வெளியிட்ட நூலில் இந்தத் தொடரையும் சேர்த்திருக்கிறார். அப்போதே அரைத்த மாவு!

கேள்வி: ஓடின் என்ற வடதேசத்துப் புயல் கடவுளின் நாய்கள் என்றும் படித்தேனே?

பதில்: ஓடினிடம் இருந்தவை இரண்டு ஓநாய்கள். பூனைகள், ஃப்ரேயா என்ற வடதேசத்துப் பெண் தெய்வத்தின் தேரை இழுப்பவை. எங்கோ இருந்ததை எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் எங்கிருந்துதான் வந்தது அண்ணா?

பதில்: எந்த விளக்கத்துக்கும் உறுதியான சான்று இல்லை. வேடிக்கைக்காகச் சொன்ன மிகை என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வேல்ஸ் மொழியில் கிழவிகளும் கைத்தடிகளும் பெய்யும், பிரெஞ்சில் கயிறு கயிறாகப் பெய்யும். அங்கெல்லாம் கூரையில் கிழவி படுத்திருந்தாளா என்று யாரும் கேட்பதில்லை.

கேள்வி: இன்டர்வியூவில் சொல்லலாமா?

பதில்: தப்பில்லை, ஆனால் பாடப்புத்தக வாடை அடிக்கும். இங்கிலாந்துக்காரர்கள் பேச்சில் ‘இட்ஸ் போரிங்’ (pouring, boring அல்ல!), ‘பக்கெட்டிங் டவுன்’ என்பார்கள். மழையால் லீவு கேட்டு மேனேஜருக்கு மெயில் போடுவதானால் ‘ஹெவி ரெயின்’ போதும்.